மகாராஜாவின் முகக்கோடு

முன்னொரு காலத்தில், மழை தவறினாலும் வரி தவறாத நெடுங்காட்டு நாட்டைச் சூரசிம்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு நாட்டைவிடத் தன் முகம் அதிகம் பிடிக்கும். அதைக் கண்டுபிடித்துப் பிழைத்தவர் மருதவாணர் என்ற சபைப் பிரமுகர். புகழ்வதுதான் அவருடைய உத்தியோகம். மந்திரி ஏகம்பரைக் கண்டால் மட்டும் அவருக்கு வயிறு எரியும். அந்த மனிதர் எதையும் யோசித்துவிட்டுப் பேசுவார், அந்தச் சபையில் அது பெரிய குற்றம்.

ராஜாவின் பிறந்தநாளுக்கு மருதவாணர் ஒரு யோசனை சொன்னார். "மகாராஜா, கவிஞர்கள் பாடுவது காற்றோடு போய்விடுகிறது. இந்தத் தடவை தங்கள் முகப்பொலிவைச் சுவரிலேயே எழுதிவைப்போம்."

சபைச் சுவரின் அடியில் நீளமாக ஒரு கோடு போட்டுக் காலை முதல் மாலை வரை நாழிகைகளைக் குறித்தார்கள். ஓவியர் ராஜாவின் எதிரில் உட்கார்ந்து, அந்தந்த நாழிகைக்கு நேர் மேலே, முகம் மலர்ந்தால் உயரத்திலும் சிடுசிடுத்தால் தாழ்விலுமாகச் சிவப்புக் கோட்டை இழுத்துக்கொண்டே போனார். மதியம் ராஜாவுக்குக் கண் சொக்கியது. "குறட்டை விடும் முகத்தை எழுதிவைக்காதே" என்று சொல்லிவிட்டுப் பள்ளியறைக்குப் போனான். விசிறிவிட மருதவாணரும் கூடவே போனார். கோடு அங்கே அறுந்தது. ராஜா திரும்பிவந்து உட்கார்ந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது.

இனித் தன் கட்டளை ஒவ்வொன்றின் தலையிலும் நாழிகை எழுத வேண்டும் என்று அன்று காலையிலேயே ராஜா உத்தரவு போட்டிருந்தான். எவ்வளவு பொலிவோடு அதைச் சொன்னான் என்று பிற்காலத்தார் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சில நாள் கழித்து, வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைக்கும் காத்தாயி ஓர் ஓலையோடு சபைக்கு வந்தாள்.

"சாமி, என் கொடிக்காலை மருதவாணர் ஐயாவோட மச்சானுக்குக் கொடுத்துட்டு ஊரைவிட்டுப் போகச் சொல்லி ஓலை வந்திருக்கு. நான் என்ன தப்பு பண்ணினேன்னு ராசா வாயால கேட்டுட்டுப் போறேன்."

ராஜாவுக்கு எதுவும் நினைவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ராஜாக்களுக்கு வாய் வராது.

"சொல்லியிருப்பேன். முத்திரை என்னுடையதுதானே," என்றான். "என் பிறந்தநாள், பதினெட்டாம் நாழிகை என்று எழுதியிருக்கிறது. ஏகம்பரே, அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று சுவரைப் பார்த்துச் சொல்லும். மலர்ந்த முகத்தோடு சொல்லியிருந்தால் கட்டளை நிற்கட்டும். கோபத்தில் சொல்லியிருந்தால் கிழித்துப் போடலாம்."

ஒரு குடும்பத்தின் சோறு ராஜாவின் மூஞ்சியை நம்பி நின்றது. காத்தாயி ஓலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மருதவாணருக்கோ உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

"இதற்கு மந்திரி எதற்கு, மகாராஜா?" என்று அவர் முந்திக்கொண்டார். "அதோ பாருங்கள், எவ்வளவு உயரம்." சபை முழுவதும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டியது. அங்கே எல்லாருக்கும் அண்ணாந்துதான் பழக்கம்.

ஏகம்பர் மட்டும் குனிந்தார். "உயரம் சரி. அது எந்த நாழிகையின் உயரம்? காலையில் பரிசுத் தட்டுகள் வந்த நேரம் அது." காவலனிடம் ஈட்டியை வாங்கி, அடிக்கோட்டில் பதினெட்டாம் நாழிகைக் குறியின் மேல் நேராக நிறுத்தினார். அதை விட்டத்தைத் தொடும்வரை உயர்த்திக்கொண்டே போனார். எங்கேயும் சிவப்பு குறுக்கிடவில்லை.

"பதினெட்டுக்கு நேர் மேலே கோடே இல்லை, மகாராஜா. கோடு இருந்தால் அல்லவா அது உயரமா தாழ்வா என்று பேசலாம்?"

மருதவாணருக்கு முகம் சுண்டியது. ஆனாலும் சிரித்தார். "ஓவியர் சாயத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறார். இந்த நுனியையும் அந்த நுனியையும் நாமே சேர்த்துவிட்டால் ஆயிற்று."

"சேர்க்கலாமே. மகாராஜா குறட்டை விடும் முகத்தை எவ்வளவு உயரத்தில் போடுவது என்று நீங்களே சபைக்குச் சொல்லுங்கள்."

ராஜா முறைத்தான். மருதவாணர் அவசரமாகப் பின்வாங்கினார். "எழுத்தர் நாழிகையைப் பிசகி எழுதியிருப்பார், மகாராஜா. கோடு அறுபடும் இந்த நுனியில்தான் தாங்கள் சொன்னது."

ஓவியர் தொண்டையைச் செருமினார். "அங்கே வெறும் வளையம்தான் போட்டிருக்கிறேன், ஐயா. உள்ளே நிரப்பவில்லை. கோடு அதுவரை வரும், ஆனால் அந்த இடம் கோட்டில் சேராது. அந்தக் கணத்தில் மகாராஜா எழுந்து போய்விட்டார்."

"அப்படியானால் அந்தப் பக்க நுனி. அங்கே நிரம்பிய புள்ளி இருக்கிறதே."

"இருக்கிறது," என்றார் ஏகம்பர் அன்போடு. "அந்தக் கணத்தில் மகாராஜா சபையில்தான் இருந்தார். அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஐயா?"

மருதவாணர் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். சுவரிலேயே ஆகத் தாழ்ந்த இடம் அது.

"தூங்கி எழுந்ததும் எனக்கு நீர்மோர் கிடைக்கவில்லை," என்றான் ராஜா மெதுவாக. பிறகு விரலில் இருந்த முத்திரை மோதிரத்தைத் திருகிப் பார்த்தான். கழற்றினால் சுலபமாகத்தான் வந்தது. "கோடு இல்லாத நேரத்தில் நான் கட்டிலில் இருந்தேன். பக்கத்தில் விசிறியோடு இருந்தது யார்?"

 எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

கொடிக்கால் காத்தாயிக்கே திரும்பியது. ராஜாவின் முத்துமாலை ஏகம்பர் கழுத்துக்குப் போனது. "நான் இல்லாத இடத்தில் ராஜாவாக ஆசைப்பட்டீர். அங்கேயே இரும்," என்றான் ராஜா. மருதவாணரை அந்த இடைவெளிக்குக் கீழே, தலைப்பாகை இல்லாமல் நிற்கவைத்தார்கள். தினமும் ராஜா தூங்கும் நேரத்தில், அவர்மேல் குறை உள்ளவர்கள் வந்து முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று பறை அறைந்தார்கள். வரிசை கோட்டை வாசலைத் தாண்டியது.

அன்று சபை கலையுமுன் ராஜாவுக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி இருந்தது. "இடையில் வெறுமையாக இருப்பது அழகாக இல்லையே. இனிப் பகலில் தூங்காமல் நாள் முழுவதும் ஆளலாமா?"

சபை ஏகம்பரைப் பார்த்தது. ஏகம்பர் காத்தாயியைப் பார்த்தார்.

"வேணாம் சாமி," என்றாள் காத்தாயி. "மோதிரத்தைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு, ராசா நல்லாத் தூங்கட்டும். காலையிலயும் கொஞ்சம் படுத்தா எங்களுக்கு இன்னும் நிம்மதி."

தன் உடம்பின்மேல் குடிகளுக்கு இவ்வளவு அக்கறையா என்று ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிக மலர்ந்த முகத்தோடு, காலையிலும் தூங்குவதென்று உடனே கட்டளை போட்டான். அந்த நாட்டில் யாருமே எதிர்த்து மனுக் கொடுக்காத கட்டளை அது ஒன்றுதான்.