பக்கத்து இலை

ஒரு காலத்துல மிளகுக்கரைச் சீமைய நெடுமுடியான்னு ஒரு ராஜா ஆண்டாரு. கட்டளையெல்லாம் சுடச்சுட, தின்னது மட்டும் ஆறின சோறு. விஷம் இருக்கான்னு அரண்மனை வேலையாளு சடையாண்டி முதல்ல தின்னு பாத்து, ஒரு நாழிகை உசுரோட இருந்தாத்தான் ராஜா இலையில கை வைப்பாரு.

அந்த நேரம் சடையாண்டி பக்கத்துல ஈ கூட உட்காராது. இருமினா வைத்தியர் வருவாரு. சும்மா பேச ஒருத்தரும் வரமாட்டாங்க. பொண்ணு கேட்டுப் போனா, "நாளைக்கு இருப்பீங்களா?"ன்னு கேட்டாங்க.

ஒரு நாள் களஞ்சியத்து வாசல்ல சிந்தின நெல்லக் கொத்தின கோழியெல்லாம் செத்து விழுந்துச்சு. உள்ள நெல்லு கொட்டி வச்ச அஞ்சு குதிர். ஊருக்கே அந்த நெல்லுதான் கஞ்சி.

"விஷத்தோட குடும்பம் நடத்துறவன் இவன்தானே மகாராஜா?"ன்னு கொளுத்திப் போட்டாரு மந்திரி பூவராகன்.

"சாயங்காலத்துக்குள்ள போட்டவனக் காட்டு. இல்லேன்னா உன் தலை!"ன்னாரு ராஜா.

"தலை போனா எதால திங்கிறது மகாராஜா? களஞ்சியச் சாவி புழங்குற பெரிய மனுசங்க வரட்டும். பிடிச்ச குதிர்ல நெல்லெடுத்து, குத்திப் பொங்கி, என்கூட பந்தியில உட்காரட்டும்."

ஒருத்தருக்கு வயித்துவலி. ஒருத்தருக்கு விரதம். ஒருத்தருக்கு மாமியார் செத்துட்டாங்க, மூணாவது தடவையா.

பூவராகன் மட்டும் மீசையத் தடவிக்கிட்டு, "அந்த மூலைக் குதிர்ல எடு"ன்னாரு. சோறு வந்ததும், "நகருடா"ன்னு பக்கத்துலயே சம்மணம் போட்டுப் பிசைஞ்சு அடிச்சாரு.

சடையாண்டி தன் சோத்த விட்டுட்டு அதையே கேட்டுக்கிட்டிருந்தான். பக்கத்து இலையில ஒருத்தர் சாப்பிடுற சத்தம் இப்படியா இருக்கும்!

"ரசம் ஊத்தட்டுமா அய்யா?"ன்னு கேட்டான்.

"ஊத்து."

"இதாண்டா வீரம்!"ன்னு ராஜா கைதட்டினாரு.

"வீரமில்ல மகாராஜா," சடையாண்டி மெதுவாச் சொன்னான். "இத்தனை வருசமாத் திங்கிறேன், முதல் வாய்க்கு இன்னும் என் கை நடுங்கும். அய்யாவுக்கு நடுங்கல. எது நல்ல குதிர்னு தெரிஞ்சவருக்குத்தான் இப்படிப் பசிக்கும்."

அஞ்சு குதிர் நெல்லையும் கோழிக்குப் போட்டுப் பாத்தாங்க. நாலு விஷம். மூலைக் குதிர் ஒண்ணுதான் சுத்தம். பக்கத்து நாட்டுப் பொன்ன வாங்கிட்டு ஊருக்கே விஷம் வச்ச பூவராகன், தன் வீட்டுக்குன்னு விட்டு வச்சது. ரசம் வழியற மீசையோட அவர இழுத்துட்டுப் போனாங்க.

"என்ன வேணும், கேளு"ன்னாரு ராஜா.

சடையாண்டி பாதியில கெடந்த பக்கத்து இலையப் பாத்தான். "பாவிதான் மகாராஜா. ஆனா என்கூட உட்கார்ந்து சாப்பிட்டது அவரு ஒருத்தருதான்."

ராஜா சபையப் பாத்தாரு. எல்லாரும் ஒரு அடி பின்னால போனாங்க. அவரே இறங்கி வந்து தரையில உட்கார்ந்தாரு. புதுசாப் பொங்கின சோறு வந்துச்சு. பழக்கதோஷத்துல சடையாண்டி முதல் வாய்க்குக் கை நீட்ட, ராஜா அதத் தட்டிவிட்டு, அவன் இலையிலேருந்தே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டாரு.

"உப்பு கம்மி"ன்னாரு. அப்புறம் கண்ணு கலங்க, "ஆனா சுடுதுடா!"