பட்டமில்லாத தண்டோரா

ஜமீன் கவனிக்காததால்தான் ஏரிக்கரை உடைந்தது என்று ஊர்ச் சேதி சொல்லும் வேலாண்டி தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுவிட்டான். பூலாங்காட்டு ஜமீன்தாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இனிமேல் சாட்சியில்லாமல் ஒரு வார்த்தை சொன்னாலும் சிறைதான். இதையே ஊருக்குச் சொல்லு.”

எந்தத் தண்டோராவும் ஜமீன்தாரின் பட்டங்களோடுதான் தொடங்கும். அன்று அரண்மனை வாசலில் வேலாண்டி தப்பை அடித்து, “ஜமீன்தார் உத்தரவு” என்று மொட்டையாக ஆரம்பித்தான்.

“வெறுங்கையால் புலியைக் கொன்றவர்னு சொல்வியே, அது எங்கேடா?” என்றார் ஜமீன்தார்.

“புலியைப் பார்த்த சாட்சியைத் தேடிக்கிட்டிருக்கேன் எசமான்.”

கூட்டம் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டது. ஜமீன்தார் இறங்கி வந்தார். “சரி, வேற வழி சொல்லு.”

“பேச விடுங்க எசமான். தப்பாச் சொன்னா, அதே தெருவுல, அதே சத்தத்துல, தப்புன்னு நானே சொல்லிடறேன்.”

ஜமீன்தார் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் தப்புச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. “ஏரிக்கரை சேதி சரிதான். அடைக்க ஜமீன் ஆளுங்க வர்றாங்க. இத்தனை வருஷமா நான் சொன்ன புலிதான் தப்பு.”