கூழைக்கடாவுக்காகக் கூடிய சங்கம்

கரிசல் காட்டுக் கண்மாய் ஒன்றில் ஓர் ஆமை இருந்தது. பை போன்ற அலகுள்ள கூழைக்கடாப் பறவை ஒன்று அதற்குச் சிநேகிதி. ஆமைக்கு அந்தக் கண்மாய்தான் உலகம். கூழைக்கடாவோ கார்த்திகையில் வந்து, குஞ்சு பொரித்து, பங்குனி வெயிலில் கிளம்பும். ஒவ்வொரு வருஷமும் "வாரேன்டி!" என்று சொல்லிவிட்டுத்தான் போகும்.

இரண்டு வருஷமாக அது இறங்கவில்லை. கண்மாயில் தண்ணீர் இல்லை. வந்தது, மேலேயே வட்டமடித்தது, வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்தது, போய்விட்டது. மடையோரத்துச் சேற்றிலிருந்து ஆமை கழுத்தை நீட்டிக் கத்தியது. ஆமையின் குரல் எவ்வளவு உயரம் போகும்? பாவம், அன்று முழுக்க அதற்கு இரை இறங்கவில்லை.

மழை பெய்யாமல் இல்லை. முன்பு ஒரு மாதம் பெய்ததை இப்போது வானம் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயிலோ சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. வெள்ளம் முள்ளில் முட்டித் திரும்பி, கண்ட பக்கம் ஓடி வீணானது.

ஆமை ஊர்ந்து ஊர்ந்து போய் எல்லோரையும் கூட்டியது. பன்றி வந்தது. காகம் வந்தது. செவலை நிற ஆட்டுக்கிடா தன் மந்தையோடு வந்தது.

"வருஷா வருஷம் சூடு ஏறிக்கிட்டே போகுது. வானத்த நாம திருத்த முடியாது. வர்ற தண்ணிக்கு வழிவிடலாம்ல? கால்வாய்ல இருக்க முள்ளப் புடுங்குவோம்!" என்றது ஆமை.

"முதல்ல சங்கத்துக்கு ஒரு பேரு வைக்கணும்!" என்றது காகம்.

பேர் யோசிப்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. ஒன்றும் தேறவில்லை. கிடாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பேரு கெடக்கு, வாங்கய்யா!" என்று முதல் ஆளாகக் கால்வாயில் இறங்கியது. அதையே தலைவராக்கிவிட்டார்கள்.

கிடா உழைப்பாளி. அதில் குறை சொல்ல முடியாது. பன்றி மூஞ்சியால் கிண்டித் தூரைத் தோண்டும். கிடாவும் மந்தையும் கன்றுகளைப் பல்லால் கடித்து இழுக்கும். மத்தியானம் எல்லோரும் கருவேல நிழலில் களைப்பாறுவார்கள். ஆடுகள் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் காய்களை மொறுமொறுவென்று தின்னும்.

ஆடியில் ஒரு மழை விழுந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பிடுங்கிய இடமெல்லாம் புதுக் கன்று! முன்பைவிட நெருக்கமாக!

"இது யாரோ செய்ற சதி!" என்று கத்தியது காகம்.

"எவன்னு சொல்லுங்க, முட்டித் தள்ளிடுறேன்!" என்றது கிடா.

ஆமை தரையோடு தரையாகப் போகிற பிராணி அல்லவா? அதற்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கன்றும் ஆட்டுப் புழுக்கையிலிருந்து முளைத்திருந்தது. தின்ற காயின் விதை வயிற்றில் செரிக்காமல், எருவையும் கூடவே சேர்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

சொன்னால் கிடா கோபித்துக்கொண்டு போய்விடும். சங்கம் கலையும். சொல்லாவிட்டால் கார்த்திகைக்குள் கால்வாய் திறக்காது. மூன்றாவது வருஷமும் தண்ணீர் இல்லையென்றால் கூழைக்கடா இந்த வழியையே மறந்துவிடும். ஆமை கிடாவிடம் ஊர்ந்து போனது. சொல்லியும்விட்டது.

"அண்ணே, வெளியாளு யாரும் வெதைக்கல. நீங்க தின்ன காய்தான் முளைச்சிருக்கு."

கிடாவின் தாடி நடுங்கியது. "முள்ளுல வாயக் கிழிச்சுக்கிட்டு வேலை பாக்குறேன், என்னையவா சொல்ற? வெயில் காலத்துல எங்களுக்குத் திங்க வேற என்ன இருக்கு? ஒனக்குச் சிநேகிதி வரணும், அதுக்கு எங்க வயிறு காயணுமா?"

கிடா மந்தையோடு போய்விட்டது. காகமும் நைசாக நழுவியது. ஆமையும் பன்றியும்தான் மிஞ்சின. ஆமையால் ஒரு நாளைக்கு நான்கு கன்றுதான் பிடுங்க முடிந்தது.

ஐந்தாம் நாள் கிடா வந்து நின்றது. விலா எலும்பு தெரிந்தது. பின்னால் மந்தை.

"அஞ்சு நாளா காயத் தொடல. காஞ்ச சோளத்தட்டையத்தான் கடிச்சோம்" என்றது. "கண்மாயில தண்ணி வத்த வத்த, பின்னாடியே அருகம்புல்லு பச்சையா ஏறி வரும், தங்கச்சி. குட்டியா இருந்தப்போ தின்னது. அந்த ருசி இன்னும் நாக்குலயே நிக்குது. நீ ஒருத்திதான் ஏங்குறேன்னு நெனச்சியா?"

ஆமை அழுதது. வெட்கப்படாமல் அழுதது.

ஐப்பசியில் வானம் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. கால்வாய் பாதிதான் சுத்தமாகியிருந்தது. அதனால் தண்ணீரும் பாதிதான் வந்தது. கிடாவின் முழங்கால் அளவுக்கு நின்றது.

கார்த்திகையில் கூழைக்கடா வந்தது. பார்த்தது. இறங்கியது!

"செத்துட்டியோன்னு நெனச்சேன்டி!"

"நீ வராம நான் எப்படிச் சாவேன்?"

கூழைக்கடா தண்ணீருக்குள் அலகை விட்டுப் பார்த்தது. "மீனே இல்லையே. இங்க குஞ்சு பொரிக்க முடியாதுடி. ஒரு நாள் தங்கிட்டுப் போறேன்."

அந்த ஒரு நாளும் இரண்டும் பேசித் தீரவில்லை. மறுநாள் காலையில் கூழைக்கடா கிளம்பியது. அது புள்ளியாகி மறையும்வரை ஆமை பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கால்வாய்ப் பக்கம் திரும்பியது. அங்கே கிடாவும் மந்தையும் மீதி முள்ளில் இறங்கியிருந்தன. தலைக்கு மேலே கருவேலங்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஓர் ஆடுகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

ஊரைக் காக்கக் கூடுகிறவர்கள், நேர்ந்த கேட்டில் தங்கள் பங்கு என்ன என்று பார்த்து முதலில் அதை நிறுத்தினால்தான் செய்கிற வேலை நிலைக்கும்.