ஆவுடையம்மாள் உபயம்

படுத்துட்டியா நித்திலா? அத்தை ஒரு விடுகதை போடறேன். பேரு பெருசாகப் பெருசாக வெளிச்சம் சிறுசாகும். அது என்ன?

தெரியலையா? கோயில் டியூப்லைட்டு. குடுத்தவங்க பேரை 'உபயம்'னு போட்டு, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் செவப்புப் பெயிண்டுல எழுதியிருப்பாங்கல்ல, அதுதான். சரி, கண்ணை மூடிக்கிட்டு 'ம்' கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு ஐஸ் கம்பெனி அண்ணாச்சி. பேரு சிதம்பரநயினார். கடலோர ஊரு. மீன் இருக்கற வரைக்கும் ஐஸுக்குக் குறையில்ல. அண்ணாச்சிக்குத்தான் ஒரு குறை. அவர் சம்சாரம் ஆவுடையம்மாள் செத்துப்போயிட்டாங்க. அந்தம்மா கோயிலுக்குப் போனா, சாமியைக் கும்பிடறதுக்கு முன்னாடி டியூப்லைட்டைத்தான் படிப்பாங்களாம். "எல்லார் பேரும் இருக்கு, எம்பேரு இல்லியே"ம்பாங்களாம். அண்ணாச்சி அப்போ ஐஸ் உடைச்சுட்டிருந்தாரு. சத்தத்துல காதுல விழல. இப்போ அந்தப் பேரை எங்கயாவது போட்டே ஆகணும்னு நிக்கிறாரு.

"ம்."

அதே ஊர்ல ரெஜினான்னு ஒரு விஞ்ஞானி. இருட்டா இருக்கற எடத்தையெல்லாம் பாக்கறது அவ வேலை. கடலுக்கு அடியில இருட்டு, வானத்துல இருட்டு. சர்க்காரைக் கேட்டா "அடுத்த வருஷம்"னாங்க. அடுத்த வருஷம் போனா, அப்பவும் அதையேதான் சொன்னாங்க. அப்புறம் அண்ணாச்சிகிட்ட வந்தா.

"அண்ணாச்சி, கடல்ல எறக்க ஒரு விளக்கு வேணும். வானத்தைப் பாக்க ஒரு பெரிய கண்ணாடி வேணும்."

"அங்கல்லாம் என்ன தாயி இருக்கு?"

"தெரியல. தெரிஞ்சா ஏன் விளக்கு கேக்கறேன்?"

அண்ணாச்சி ரெண்டையும் வாங்கிக் குடுத்தாரு. குடுக்கறதுக்கு முன்னாடி பெயிண்டரைக் கூப்பிட்டாரு.

அப்புறம் ரெஜினா எரவல் வாங்கின கப்பல் போச்சு. விளக்கையும் கேமராவையும் கயித்துல கட்டி எறக்கினாங்க. சளக்... குளு குளு குளு... கீழ போயி விளக்கு எரிஞ்சுது. படம் வந்துச்சு. மீனு இல்ல, நண்டு இல்ல. கடலுக்கு அடியில, சேத்துமேல, 'உபயம் ஆவுடையம்மாள்'னு நிழல் விழுந்திருக்கு.

அண்ணாச்சி படத்தைப் பாத்தாரு. "எவ்ளோ தெளிவா இருக்கு!"

"மீனு தெரியல அண்ணாச்சி."

"மீனுக்கு இது தெரிஞ்சிருக்கும்லா?"

"ம்."

அப்புறம் வானம். டெலஸ்கோப்புக்குள்ள இருக்கற கண்ணாடி முழுக்கப் பெயிண்டு. அண்ணாச்சி கண்ணை வெச்சுப் பாத்தாரு. "பேரைக் காணோமே?"

"பேரு தெரியாது அண்ணாச்சி. அது மறைக்கற வெளிச்சம்தான் கொறையும்."

"அப்போ நட்சத்திரம்?"

"அதுவும் மங்கிப்போச்சு."

மறுபடியும் கப்பல் கெளம்பற நாள் வந்துச்சு. மழைக்காலம் வேற வருது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் கப்பல் போகும். அதுலயும் ஒண்ணும் ஆப்பிடலேன்னா, கப்பல்காரங்க கப்பலைத் திருப்பி எடுத்துக்குவாங்க. ரெஜினா ஒரு துணியில மண்ணெண்ணெய் நனைச்சு அண்ணாச்சி கையில குடுத்தா.

"அவ பேரை நானே அழிக்கணுமா தாயி?"

"அம்மா இருந்தா பேரைப் பாப்பாங்களா, மீனைப் பாப்பாங்களா?"

அண்ணாச்சி யோசிச்சாரு. "ரெண்டையும் பாப்பா. அப்புறம் மீனுக்கு ஒரு பேரு வைப்பா. மார்க்கெட்டுப் பூனைக்கெல்லாம் பேரு வெச்சவ அவ."

சர்ர்... சர்ர்... விளக்கைத் தொடைச்சாரு. அப்புறம் கண்ணாடி. அது கீறிடும்னு ரெஜினாவே மெதுவாத் தொடைச்சா. அண்ணாச்சி வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னாரு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் சளக், குளு குளு குளு. விளக்கு எரிஞ்சுது. ஒரு மீனு. யாரும் அதுவரைக்கும் பாக்காத மீனு. கண்ணே இல்ல. வாய் மட்டும் இருக்கு. அது மூடவே இல்ல. அப்போ வானத்துலயும் ஒரு புள்ளி. மத்த புள்ளியெல்லாம் நின்ன எடத்துல நிக்குது, இது மட்டும் நகருது. சூரியனைச் சுத்திக்கிட்டிருக்கற ஒரு கல்லு. அதையும் யாரும் பாத்ததில்ல.

"புதுசாக் கண்டுபிடிச்சா பேரு வைக்கலாம் அண்ணாச்சி. அம்மா பேரை ரெண்டுல எதுக்கு வைக்க?"

அண்ணாச்சி மீனை ரொம்ப நேரம் பாத்தாரு. "வாய் அவளுதுதான்"னாரு. அப்புறம் கல்லைப் பாத்தாரு. "இது ரொம்ப காலம் இருக்குமோ?"

"நம்ம ஊரே இல்லாமப் போனாலும் அது சுத்தும்."

"கூப்பிட்டா திரும்புமா?"

"திரும்பாது. ரெண்டுக்கும் அதே பேரை வைக்கலாமே அண்ணாச்சி."

"ஒரே பேரை ரெண்டு பேருக்கு வெச்சா, எது அவள்னு நான் எப்படித் தாயி கூப்பிடுவேன்?"

இன்னும் அங்கேயேதான் நிக்கிறாரு. அவரு வீட்டுக்குப் போகணும், நீ தூங்கணும். கதையோட வாலை உங்கையில குடுத்துட்டேன். சொல்லு, பேரு கல்லுக்கா, மீனுக்கா?

நித்திலா, மீனுக்கு என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.