ஐம்பத்தெட்டு நிமிடம்

“டீச்சர், என் கால் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது” என்றார் மாதையன்.

ஜெசிந்தா டீச்சர் நிமிரவில்லை. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஓட்டத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எட்டுத் தடத்தில் ஐந்து முடிந்திருந்தது.

“நீங்க அதுகிட்ட என்ன சொன்னீங்க?”

“ரெண்டு மணி நேரம்னு சொன்னேன்.”

“அது என்ன சொல்லிச்சு?”

மாதையன் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். உட்காரும்போது இடது காலை முதலில் நீட்டிக்கொண்டார்.

அதை மட்டும் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

மாதையன் கரட்டூர் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். வயது ஐம்பத்தொன்பது. டீச்சருக்கு முப்பத்தாறு. கரட்டூரில் ஓட ஆசைப்பட்டவர்கள் கடைசியில் வந்து நிற்பது அந்த விளையாட்டு டீச்சரிடம்தான். தன்னைவிட இருபத்துமூன்று வயது இளையவர் என்று மாதையன் ஒருமுறை கணக்குப் பார்த்தார். அதோடு சரி. பிறகு அதை நினைத்ததில்லை.

ஊரில் வருடத்துக்கு ஒருமுறை மலையடி ஓட்டம் நடக்கும். தூரம் இருபத்தொரு கிலோமீட்டர். மாதையன் ஆறு தடவை ஓடியிருந்தார். அவற்றில் நல்ல ஓட்டம் நான்காவது. இரண்டு மணி நேரம், நாற்பத்தொரு நொடி.

ஏழாவதுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். பணி ஓய்வுக்கு ஏழு மாதம்.

“முப்பத்தொரு வருஷமா அடுத்தவங்க லேட்டா வந்ததைச் சிவப்பு மையில எழுதிட்டிருக்கேன் டீச்சர். அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கறதுக்குள்ள ஒரே ஒரு தடவை நானும் நேரத்துக்கு வந்துரணும். ரெண்டு மணிக்குள்ள. இந்த வருஷம் விட்டா இல்லை.”

“சரி.”

“ஆனா அலுத்துப்போச்சு. காலைல நாலரைக்கு எந்திரிச்சு உட்காருவேன். ஓடப் போகணுமேன்னு இருக்கும். முன்னெல்லாம் அப்படி இருக்காது.”

டீச்சர் சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தார். கையை நீட்டினார்.

“செருப்பைக் கழட்டுங்க.”

அது டீச்சர் கொடுத்த செருப்புதான். சுண்டுவிரலில் பாதிப் பருமன்கூட இல்லாத ரப்பர். அதைக் காலோடு சேர்த்துக் கட்ட ஒரு கயிறு. வேறொன்றும் கிடையாது. ஐந்து மாதத்துக்கு முன்னால் மாதையன் மெத்தை வைத்த ஷூவும் முட்டி வலியுமாக வந்து நின்றபோது, ஷூவைக் கழற்றச் சொல்லி இதைக் கொடுத்தார். தொண்ணூறு நாள் இதைப் போட்டு நடங்க, ஓடறதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

முட்டி வலி போய்விட்டது.

டீச்சர் இப்போது இடது செருப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். குதிகால் இடத்திலும் வெளி ஓரத்திலும் ரப்பர் தேய்ந்து பளபளத்தது. இரண்டாம் விரலுக்குக் கீழே மட்டும் கடையில் வாங்கினபடியே இருந்தது.

“இந்த இடத்தை நீங்க தரையில வைக்கறதே இல்லை. எத்தனை நாளா?”

“பதினாறு நாளா.”

“டாக்டர்கிட்டப் போனீங்களா?”

“போன செவ்வாய்க்கிழமை. எலும்புல மயிரிழை மாதிரி ஒரு கீறலாம். நடக்கலாம், ஆறு வாரம் ஓடக்கூடாதுன்னார்.”

“நடந்தீங்களா?”

“ஓடினேன்.”

“நான் தொண்ணூறு நாள் நடக்கச் சொன்னேன்.”

“பத்தொன்பது நாள் நடந்தேன்.”

கணக்கில் பொய் சொல்ல அவருக்கு வராது.

டீச்சர் செருப்பின் மண்ணைத் தட்டினார். கோபப்பட்டிருந்தால் மாதையனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

“பழைய ஷூவையே போட்டுக்கட்டுமா டீச்சர்? அதுல வலி தெரியாது.”

“தெரியாது.”

“அப்ப போட்டுக்கலாமா?”

“வலி தெரியாதுன்னு மட்டும்தான் சொன்னேன்.”

“ஓடட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

டீச்சர் இரண்டு செருப்பையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“காலைல ஸ்டாண்டுக்கு வர்றேன்.”

“செருப்பு?”

“என்கிட்ட இருக்கட்டும்.”

மைதானத்திலிருந்து வீட்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி. மாதையன் வெறுங்காலோடு எண்ணிக்கொண்டே போனார்.

•

காலை எட்டேகாலுக்கு டீச்சர் வந்தார். டைம்கீப்பர் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

மலைமேல் இருக்கும் மேல்காட்டிலிருந்து இறங்கும் பதினான்காம் நம்பர் வண்டி எட்டு இருபதுக்கு வர வேண்டும். எட்டு இருபத்தாறுக்கு வந்தது. டிரைவர் தீர்த்தகிரி அறையின் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“ஆறு நிமிஷம். எழுதிக்குங்கண்ணே, சிவப்பு மை காஞ்சுரப் போகுது.”

“என்ன காரணம்?”

“ஏழாவது வளைவுல மாடு படுத்திருந்துச்சு. ஹாரன் அடிச்சேன். போய் டைம்கீப்பர்கிட்டச் சொல்லிக்கோன்னு திரும்பிப் படுத்துக்கிச்சு.”

டீச்சர் சிரித்துவிட்டார். மாதையன் சிரிக்காமல் ஆறு என்று எழுதினார். தீர்த்தகிரி மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். இடது காலில் துணிக்கட்டு.

“இந்தக் காலோட பந்தயமா? உங்க வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சுபோச்சுண்ணே. ஷெட்டுல விடுங்க.”

“போய் டீயைக் குடிய்யா.”

தீர்த்தகிரி போனதும் டீச்சர் கேட்டார்.

“மேல்காட்டுக்கு எத்தனை நிமிஷம்?”

“அம்பத்தெட்டு.”

“எப்பவுமே அம்பத்தெட்டுதானா?”

“இல்லை. நாப்பத்தஞ்சு இருந்துச்சு.”

“யார் மாத்தினது?”

“நான்தான்” என்றார் மாதையன். சொன்ன பிறகு நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏன்?”

“பத்தொன்பது வருஷம் ஆச்சு டீச்சர். நாப்பத்தஞ்சுங்கறது ரோடு புதுசா இருந்தப்ப யாரோ போட்ட நேரம். அதுக்கப்புறம் மூணு மழை அடிச்சு ரோட்டையே அரிச்சுப்போட்டுருச்சு. நேரம் மட்டும் அப்படியே இருந்துச்சு. சிவப்பு மைக்குப் பயந்து டிரைவருங்க வண்டியை முடுக்குவாங்க. செங்கோடன்னு ஒருத்தர். ஒன்பதாவது வளைவுல முன்சக்கரம் தடுப்புச் சுவர் மேல ஏறி நின்னுருச்சு. உள்ள நாப்பத்தொரு பேர்.”

“ஐயோ.”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாரும் இறங்கி வண்டியைப் பின்னால இழுத்தாங்க. செங்கோடனே ஓட்டிட்டு வந்து சேர்ந்தார். இதே ஜன்னல்ல நின்னு, ‘எத்தனை நிமிஷம் லேட்டுண்ணே’ன்னு கேட்டார்.”

மாதையன் ஜன்னலைப் பார்த்தார்.

“எழுபத்திரண்டு. எழுதினேன். எழுதி முடிச்சப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடிச்ச மாதிரியே மடங்கி இருந்துச்சு. அவரால விரிக்க முடியலை.”

வெளியே ஏதோ வண்டி விசில் கொடுத்துக் கிளம்பியது. மாதையன் நேரம் பார்த்து எழுதினார். நீல மை.

“அப்புறம்?”

“ஏழு நாள் லீவு போட்டேன். ஏழு நாளும் அந்த வண்டில முன்சீட்டுல உட்கார்ந்து போய்ட்டு வந்தேன். கைல கடிகாரம், மடியில நோட்டு. எந்த வளைவுல எவ்வளவு நேரம் எடுக்குது, எங்க கியர் மாத்தணும், எங்க கிழவிங்க கூடையோட ஏறுவாங்க, எல்லாத்தையும் குறிச்சேன். கூட்டிப் பார்த்தா அம்பத்தெட்டு வந்துச்சு. எழுதி அனுப்பினேன்.”

“மேல ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒரு அதிகாரி கூப்பிட்டார். நேரத்தைக் கூட்டினா வண்டி சோம்பேறி ஆயிரும், அம்பதுன்னு போடுன்னார். ‘ஐயா, நீங்க அந்த வண்டில போயிருக்கீங்களா’ன்னு கேட்டுட்டேன். என் சர்வீஸ்ல எதிர்த்துப் பேசினது அன்னிக்கு ஒரு நாள்தான்.”

டீச்சர் எழுந்தார். பையிலிருந்து செருப்புகளை எடுத்து, திறந்திருந்த நேரப் பதிவேட்டின் மேல் வைத்தார்.

“ஸ்கூலுக்கு நேரமாச்சு சார்.”

“டீச்சர், நான் கேட்டதுக்குப் பதில்?”

டீச்சர் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று மாதையன் நூற்றுப் பன்னிரண்டு வண்டிகளை எழுதினார். செருப்பை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். மத்தியானச் சோறு பாதியிலேயே நின்றுவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். அதன் முதல் பக்கத்தில், ஏழு வருடத்துக்கு முன்னால் எழுதின ஒரே ஒரு வரி. இரண்டு மணி.

மாலை ஆறு மணிக்கு அதை அடித்தார்.

•

மறுநாள் மாலை மைதானத்தில் எட்டுத் தடமும் முடிந்திருந்தது. டீச்சர் முழங்கைவரை வெள்ளையாக நின்றார்.

“புரிஞ்சுபோச்சு டீச்சர். மாத்திட்டேன்.”

நோட்டை நீட்டினார். இரண்டு மணி அடிக்கப்பட்டு, கீழே இரண்டு மணி இருபது நிமிடம் என்று எழுதியிருந்தது.

“முழுசா இருபது நிமிஷம் விட்டுக்கொடுத்துட்டேன். பரவாயில்லை. இதுக்கு ஓடிருவேன். மெதுவாத்தானே.”

டீச்சர் நோட்டை வாங்கிக்கொள்ளவில்லை. கை வெள்ளை என்பதால் இருக்கலாம். குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது எங்க உட்கார்ந்து எழுதினது சார்?”

“ரூம்லதான். நாற்காலில.”

“நீங்க அந்த வண்டில போயிருக்கீங்களா?”

மாதையன் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

மூடினார்.

மைதானத்தின் அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு தாண்டல் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு கல்லில் உட்கார்ந்தார். கையோடு கொண்டுவந்திருந்த செருப்பைத் துணிக்கட்டின் மேல் கயிறு படாமல் கட்டினார். எழுந்து நின்று, இடது பாதத்தை மெல்ல முழுவதுமாகத் தரையில் வைத்தார். குதிகால் பட்டது. வெளி ஓரம் பட்டது. கடைசியில் இரண்டாம் விரலின் அடி. அங்கே வலி இருந்தது. பதினெட்டு நாளாகத் தொடாமல் தாண்டிப் போன இடம். மெல்லிய ரப்பருக்குக் கீழே ஒரு சின்னக் கல் இருப்பதுகூடத் தெரிந்தது.

அவர் காலை எடுக்கவில்லை.

நோட்டில் இரண்டு மணி இருபதையும் அடித்தார். அதற்குக் கீழே பேனாவைக் கொண்டுபோய், ஒன்றும் எழுதாமல் மூடிப் பையில் வைத்தார்.

“அப்ப பந்தயம், டீச்சர்?”

“அது இருபது நாள்ல வந்துரும் சார். லேட்டா வராது.”

மாதையனுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளாக வராத சிரிப்பு என்பதால் நடுவில் இருமல் கலந்துகொண்டது.

முதல் தடத்தின் கோட்டில் போய் நின்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நடக்கத் தொடங்கினார். வலது, இடது. இடது வைக்கும்போது இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. இரண்டாம் விரல் ஒவ்வொரு அடியிலும் தரையைத் தொட்டது.

பாதி வளைவில் இருந்தபோது டீச்சர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

“ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம் போடலாம் சார்?”

மாதையன் திரும்பவில்லை.

“முன்சீட்டுல இருக்கேன் டீச்சர். இறங்கினப்புறம்தான் எழுதணும்.”