நண்டு விட்டுவைத்த வழி

அலையாத்திக் காட்டோரம் மணலில் வளை தோண்டி ஒரு நண்டு இருந்தது. தினமும் மணலை உருண்டை உருண்டையாக்கி, வளையைச் சுற்றிக் கோலம் போடும். தினமும் அலை வந்து அழித்துவிடும். மறுபடி போடும். அலுப்பாக இருக்காதா? இருக்கும்தான். என்ன செய்ய, அதன் பிழைப்பு அப்படி!

அந்தக் காட்டில் ஒவ்வொரு புயலுக்கும் மணல்மேடு இடம் மாறிவிடும். வெள்ளம் ஏறினால் எங்கே ஓடுவதென்று யாருக்கும் தெரியாது. அதனால் தலைவர் நரி நண்டைக் கூப்பிட்டது.

"நீதான் அழகாக் கோலம் போடுறியே! நம்ம காட்டுக்கு ஒரு வலைத்தளம் செஞ்சு குடு."

நண்டு செய்தது. பக்கம் முழுக்க வெறுமை. நடுவில் ஒரே ஒரு பொத்தான்: 'மேடு எங்கே?' அதைத் தொட்டால் வழி தெரியும்.

"என்னப்பா, வெறிச்சுன்னு கிடக்கு!" என்றது நரி. "முதல்ல என் படம் வரணும். அப்புறம் என் வரவேற்புரை!"

"என் இறகு பறக்கணும்!" என்றது மீன்கொத்தி.

"என் பாட்டு தானா ஓடணும்!" என்றது தவளை.

நண்டு பெருமூச்சு விட்டது. "என் கோலத்தைப் பாருங்க, தலைவரே. சுத்தி உருண்டை. ஒரு பக்கம் மட்டும் வெறுமையா ஒரு பாதை. பருந்து வந்தா நான் அந்த வழியாத்தான் வளைக்குள்ள ஓடணும். அங்கயும் உருண்டை வெச்சா கோலம் நல்லாத்தான் இருக்கும். நான் இருக்க மாட்டேன்."

"அது வேற, இது வேற!" என்றது நரி.

எத்தனை தடவைதான் சொல்வது? "சரிங்க" என்று நண்டு எல்லாவற்றையும் சேர்த்துவிட்டது. பொத்தான் எங்கோ அடிக்குப் போய்விட்டது.

ஐப்பசியில் புயல் அடித்தது. நரியின் குகைக்குள் தண்ணீர் ஏறியது. நரி தன் ஒற்றைக் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்து வலைத்தளத்தைத் திறந்தது.

நரியின் படம் வந்தது. இறகுகள் பறந்தன. பாட்டு ஓடியது. 'என் அன்புக்குரிய காட்டு மக்களே' என்று வரவேற்புரை ஆரம்பித்தது.

"அய்யோ, தள்ளிப் போய்த் தொலையேன்!" என்று நரி தன் படத்தையே திட்டியது. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

பக்கத்து மரக்கிளையில் நண்டு தொற்றிக்கொண்டிருந்தது. "நண்டே! மேடு எங்கே?"

"உங்க வரவேற்புரைக்குக் கீழே போட்டிருக்கேங்க."

"விளையாடாதே! குட்டி முங்குது!"

"தெக்கே, புன்னை மரத்துக்குப் பின்னால! ஓடுங்க!"

நரி நீந்தியது. எப்படியோ கரை சேர்ந்தது.

வெள்ளம் வடிந்ததும் நரி நண்டிடம் வந்தது. "எல்லாத்தையும் எடுத்துடு" என்றது. பிறகு மெல்ல இழுத்தது. "என் படம் மட்டும்... ஓரமா, சின்னதா இருக்கட்டுமே?"

முதுகிலிருந்த குட்டி தும்மிக்கொண்டே சொன்னது:

"வேண்டாம்ப்பா. அது வந்து போறதுக்குள்ள தண்ணி என் மூக்குக்கு வந்துடுச்சு."

நரி தலையைக் குனிந்துகொண்டது. நண்டு படத்தை எடுத்துவிட்டு, அலை அழித்த கோலத்தை மறுபடி போடப் போனது. பாதையை மறக்காமல் விட்டது.

மணல் கோலமோ வலைத்தளமோ, வருகிறவருக்கு வழி விட்ட பிறகுதான் அழகுக்கு இடம்.