எண்ணூற்று நாற்பத்தேழு

பூ மார்க்கெட் மொத்த வியாபாரி வெள்ளியம்பலத்துக்கு, நாளைய மல்லிகை விலையை இன்றே தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. அதற்காக வந்த நிபுணர் நவநீதன் மழை, பனி, டீசல் என்று நாற்பது காரணங்களைப் போட்டு கணினியில் விலை கணிக்கும் ஒரு மாடல் செய்தார். விலை மட்டும் அதற்கு எதிர்ப்பக்கமே போனது.

கடையில் எடை போடும் ஒச்சம்மாவோ மூன்று நாள் விலையைக் கூட்டி, மூன்றால் வகுத்து, மறுநாள் முகூர்த்தமென்றால் கொஞ்சம் ஏற்றிச் சொல்வாள். பெரும்பாலும் பலித்துவிடும். "ஒச்சம்மாவைக் கேளுங்க" என்று யாராவது சொன்னால் போதும், நவநீதனுக்கு வயிறு எரியும்.

"நாளை விலையைக் காசு சுத்தமா எழுதி வை. தப்பினா இனி வாயே திறக்கக் கூடாது," என்று முதலாளி முன்னால் அவளிடம் சவால் விட்டார் நவநீதன்.

ஒச்சம்மா மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, திரும்பி நின்று எழுதி, தராசுத் தட்டுக்கடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நவநீதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தார்: 847.

மறுநாள், "என் மாடல் எண்ணூத்தி நாப்பத்தேழுன்னு சொல்லுது!" என்று முழங்கினார். மல்லிகை கிலோ அறுநூறு ரூபாய்க்குப் போனது.

"அவ சீட்டுலயும் அதானே இருக்கு!" என்று கத்தினார்.

"உமக்கெப்படித் தெரியும்?" என்றார் முதலாளி.

ஒச்சம்மா தட்டுக்கடியிலிருந்து சீட்டை எடுத்துப் புரட்டினாள். பின்பக்கம் ரேஷன் கடை முத்திரை. அதன்கீழ் அவள் கையெழுத்தில் 600.

"விலை தப்பினா என்னங்கய்யா," என்றாள். "என் ரேஷன் டோக்கன் நம்பரைச் சரியாச் சொல்லிருச்சே சாரோட மாடல்!"